சிஸ்டம் அண்ணன்

செண்பகனூரில் ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் வீட்டில் உள்ளவர்கள் வரிசையாக நான்கு காரியம் செய்வார்கள். சுவிட்சை அணைப்பார்கள். மறுபடி போடுவார்கள். மானிட்டரின் தலையில் ஒரு தட்டு தட்டுவார்கள். பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இருக்காது. நான்காவதாக, "அண்ணனுக்கு ஒரு போன் போடு" என்பார்கள். எந்த அண்ணன் என்று யாரும் கேட்பதில்லை. கொடைக்கானல் மலையில் ஊருக்கு ஊர் இப்படி ஓர் அண்ணன் உண்டு. பெருமாள்மலைக்கு ஒருவர், பண்ணைக்காட்டுக்கு ஒருவர், மூஞ்சிக்கல்லில் போட்டிக்கு இருவர். வீட்டில் வைத்த பெயர் எதுவானாலும் எல்லோருடைய போனிலும் அவர் ‘சிஸ்டம் அண்ணன்’ என்றுதான் பதிவாகியிருப்பார்.

செண்பகனூர் அண்ணனுக்கு வயது நாற்பத்தைந்து இருக்கலாம். விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளிவந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் அண்ணனும் திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கோர்ஸ் முடித்து வெளியே வந்தார். எக்ஸ்பி மேல் அவருக்குக் கூடப் படித்தவன் பாசம். ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜெர்கின், தலையில் மங்கி குல்லா. தோள்பையில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒன்றரை இஞ்ச் பெயிண்ட் பிரஷ், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பர், உருண்டை முனை வைத்த பழைய கீபோர்டு ஒன்று, பிறகு மார்க்கரில் ‘எக்ஸ்பி எஸ்பி3’, ‘செவன்’, ‘ஹைரன்ஸ் பூட்’ என்று எழுதிய சிடிகள் அடுக்கிய ஜிப் பவுச். பென்டிரைவ் காலத்தில் சிடி எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். "பென்டிரைவ்ல பூட் ஆகாத போர்டெல்லாம் இன்னும் நம்ம மலையில இருக்கு சார்" என்பார். குரலில் வருத்தம் இருக்காது.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "கடைசியா என்ன பண்ணீங்க?"

எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: "ஒண்ணுமே பண்ணலையே!"

1895இல் இயேசு சபையினர் இங்கே திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அன்று முதல் இது பாவசங்கீர்த்தனத்துக்குப் பழகிய ஊர். சாமியாரிடம் எதையும் மறைக்காதவர்கள்கூட, இலவச ஸ்கிரீன்சேவர் என்று வந்த ஏதோ ஒன்றுக்கு ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்’ கொடுத்ததை அண்ணனிடம் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவரும் வற்புறுத்துவதில்லை. கண்ட்ரோல் பேனலைத் திறந்து, நிறுவிய தேதிப்படி பட்டியலை அடுக்குவார். பிறகு மெதுவாக, "போன ஞாயித்துக்கிழமை வீட்ல யாரு சார் இருந்தா?" "என் மச்சினன் வந்திருந்தான்ப்பா." அண்ணன் தலையாட்டுவார். தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் கெடுவதற்கான காரணங்களில் வைரஸுக்கு இரண்டாவது இடம்தான். முதலிடம், விருந்துக்கு வந்த மச்சினனுக்கு.

மழைக்காலத்தில் பாதி வைத்தியம் போனிலேயே நடக்கும். ஐப்பசியில் மேகம் சாலைக்கு இறங்கிவிட்டால் வில்பட்டிக்கோ அட்டுவம்பட்டிக்கோ பைக்கில் போவதைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும். ஒரு நாள் மடத்து ஆபீசிலிருந்து ஒரு வயதான சிஸ்டர் கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆன் பண்ணும்போது சத்தம் ஏதாச்சும் வருதா சிஸ்டர்?"

"வருது தம்பி. பீப் பீப்புன்னு."

"நீளமா, குட்டையா?"

"அதை எப்படிப்பா சொல்றது?"

"அது எப்படிக் கத்துதோ அப்படியே கத்திக் காட்டுங்க சிஸ்டர்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கோயில் பாடற்குழுவில் பல காலம் பாடிய குரல் ஒன்று, சுருதி பிசகாமல் பாடியது: "பீ...ப். பீ...ப். பீ...ப்."

"போதும் சிஸ்டர், ராம். நாளைக்கு வர்றேன்."

இதில் மந்திரம் எதுவும் இல்லை. திரையே உயிர் பெறாத நிலையில் தன் குறையைச் சொல்ல மதர்போர்டுக்கு இருக்கும் ஒரே வாய் அந்தச் சின்ன ஸ்பீக்கர்தான். நீளமாக விட்டு விட்டுக் கத்தினால் பழைய போர்டுகள் பலவற்றில் நினைவகமான ராமில் கோளாறு. ஒரு நீளமும் இரண்டு குட்டையும் வந்தால் டிஸ்ப்ளே கார்டு. இதையெல்லாம் போர்டோடு வந்த புத்தகத்தில் அச்சடித்தே கொடுத்தார்கள். அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தவர் நம் பக்கத்தில் அண்ணன் ஒருவராகத்தான் இருப்பார்.

மறுநாள் நானும் கூடப் போனேன். மேசைக்கு அடியிலிருந்து கேபினெட்டை இழுத்து, முதலில் பின்னால் இருக்கும் வயரையெல்லாம் கழற்றினார். பக்கத் தகட்டின் ஸ்க்ரூவை ஒரு சாஸரில் போட்டார். சாஸர் கேட்டு வாங்குவது அவர் வழக்கம். தகட்டை நீக்கியதும் உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி விரிப்பு. ஊர்த் தூசியும் மூடுபனியின் ஈரமும் சேர்ந்து படிந்தது. பெயிண்ட் பிரஷால் ஃபேனைத் தட்டிவிட்டு, வெற்றுக் கையால் கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டார். உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக் கரண்டை இறக்கிவிட. ஸ்லாட்டின் இரண்டு பக்கத்துக் காதுகளையும் விரலால் அழுத்த, ராம் ‘டக்’கென்று எழும்பியது. அதன் அடி விளிம்பில் பொன்முலாம் பூசிய பற்கள் மங்கிப் போயிருந்தன. வெள்ளை ரப்பரை எடுத்து, கணக்கு நோட்டில் தப்பான விடையை அழிக்கிற பிள்ளை மாதிரி, ஒரே திசையில் நிதானமாகத் தேய்த்தார். ரப்பர் கறுத்தது. பற்கள் பளபளத்தன. துகளை ஊதிவிட்டு ஸ்லாட்டில் வைத்து இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினார். மறுபடி ‘டக்’. சுவிட்சைப் போட்டதும் ஒரே ஒரு குட்டை பீப், அப்புறம் விண்டோஸின் நாலு வண்ணக் கொடி.

"அவ்வளவுதானா?" என்றார் சிஸ்டர். அவ்வளவுதானா என்று கேட்காத வாடிக்கையாளரை அண்ணன் தன் சரித்திரத்தில் பார்த்ததில்லை. அதற்காகவே சில வீடுகளில் வேலை முடிந்த பிறகும் கறுப்புத் திரையைத் திறந்து, பச்சை எழுத்து ஓட விட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். தவறு என்று நான் சொல்லமாட்டேன். அரை மணிக் கைவேலைக்கு மனசாரக் காசு கொடுக்காத ஊர், பச்சை எழுத்துக்குக் கொடுக்கிறது.

போகும்போது மடத்துக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்: ‘மழைக்காலத்தில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினம் அரை மணி நேரம் ஆன் செய்யவும்.’ மெஷின் தன் சூட்டிலேயே ஈரத்தைக் காயவைத்துக்கொள்ளும். அந்தச் சூட்டுக்கு மடத்துப் பூனை கேபினெட் மேல் ஏறிப் படுத்து, மேல்பக்கத்து ஓட்டைகளில் தன் ரோமத்தையும் சேர்த்தது அடுத்த மாதத்துக் கதை.

நம் சிஸ்டம் அண்ணனுக்குப் பிடித்த வாடிக்கையாளர் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். அவருடைய மெஷினுக்கு ஒரு காலையில் தத்துவச் சிக்கல் வந்துவிட்டது.

"பேங்க்கை நம்பாதேன்னு சொல்லுதுப்பா. உள்ளயே விட மாட்டேங்குது."

அண்ணன் பேங்க் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. வலது கீழ் மூலையைப் பார்த்தார். ஜனவரி 1, 2009.

"பேங்க் நல்லாத்தான் இருக்கு டீச்சர். உங்க சிஸ்டத்துக்குத்தான் இன்னும் 2009."

"அப்ப நான் இன்னும் ரிட்டயர் ஆகலையா?"

மதர்போர்டில் நாலணா அளவில் ஒரு வில்லை இருக்கிறது. மூன்று வோல்ட், சிஆர்2032. கரண்ட் இல்லாத நேரத்தில் தேதியையும் நேரத்தையும் அதுதான் காப்பாற்றுகிறது. சில வருஷத்தில் அது தீர்ந்துவிட்டால், சுவிட்சை அணைத்துப் போடும்போதெல்லாம் போர்டு தான் பிறந்த காலத்துக்குத் திரும்பிவிடும். பேங்க்கின் பாதுகாப்புச் சான்றிதழோ இந்த வருஷத்தது. 2009இல் நிற்கும் கம்ப்யூட்டர் அதைப் பார்த்து, இது இன்னும் நடப்புக்கு வரவில்லையே என்று கதவைச் சாத்துகிறது. கைக்கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடையில்கூடக் கிடைக்கிற வில்லை அது. இதற்காகப் புது கம்ப்யூட்டர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும், அவர்கள் போட்ட பழைய மெஷின்கள் அவர் வீட்டில்தான் இருக்கின்றன.

நீலத்திரையைப் பற்றி மக்கள் சொல்லும் வாக்குமூலம் தனி ரகம். "நீலமா என்னமோ வந்துச்சுண்ணே, படிக்கிறதுக்குள்ள போயிருச்சு." அண்ணன் எஃப்8 அழுத்தச் சொல்லி, தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தச் சொல்லி, "இப்ப நீலம் நிக்கும், போட்டோ எடுத்து அனுப்புங்க" என்பார். போட்டோ வரும். அதில் டியூப்லைட்டின் பிரதிபலிப்பு, போட்டோ எடுத்தவரின் முகம், பின்னால் காயும் ஸ்வெட்டர் எல்லாம் தெளிவாக இருக்கும். கோளாறைச் சொல்லும் எண் மட்டும் இருக்காது.

இந்த இடத்தில் வாசகர் கேட்கலாம்: இவ்வளவு அவஸ்தைப்பட்டு எதற்குப் பழையதையே கட்டிக்கொண்டு அழ வேண்டும்? மூஞ்சிக்கல்லில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைக்குப் போனால் விடை கிடைக்கும். அங்கே மூலையில் ஒரு எக்ஸ்பி மெஷின் இருக்கிறது. அதில் பேஜ்மேக்கர் 7.0. அதுவும் 2001இல் வந்ததுதான். அதோடு அதன் வம்சமும் நின்றுவிட்டது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. பாமினி, வானவில், செந்தமிழ் என்று அந்தக் காலத்து எழுத்துரு மட்டும்தான் தெரியும். இருபது வருஷத்துக் காதுகுத்தும் கண்ணீர் அஞ்சலியும் திருவிழா அழைப்பிதழும் அந்த எழுத்துருவில்தான் சேமித்து வைத்திருக்கிறார்கள். அதைப் புது கம்ப்யூட்டரில் திறந்தால் ‘நிகழும் மங்களகரமான’ என்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நெளியும். கூடவே எக்ஸ்பி காலத்து டிரைவர் மட்டும் உள்ள ஒரு பிரிண்டர். ஆக, கடைக்காரர் கட்டிக்கொண்டிருப்பது விண்டோஸை அல்ல, அதன் மாமியார் வீட்டை. இதைப் புரிந்துகொள்ளாத இளைஞர்கள் வந்து, "அண்ணே, இதைத் தூக்கிப் போட்டுட்டு விண்டோஸ் லெவன் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சிஸ்டம் அண்ணன் சொல்ல மாட்டார். அவர் அந்த ஹார்டு டிஸ்க்கை முழுசாக இன்னொன்றில் பிரதி எடுத்து, பழைய நாளிதழில் சுற்றி, கடைக்காரர் வீட்டு பீரோவில் வைத்திருக்கிறார்.

எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதி நிறுத்தியது. கணக்குப் பார்த்தால் அதன் அதிகாரபூர்வ ஆயுள் குறிஞ்சி ஒரு சுற்று பூப்பதைவிட அரை வருஷம்தான் கூட. ஆனால் 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் ஆஸ்பத்திரி, ஆபீஸ் எல்லாவற்றையும் பூட்டிப் பணயம் கேட்டபோது, கைகழுவிய எக்ஸ்பிக்கும் அந்த நிறுவனம் அவசரமாக ஒரு ஒட்டு கொடுக்க வேண்டிவந்தது. அண்ணனின் பாதுகாப்புக் கொள்கை இதைவிட எளிது. நெட் வயரைப் பிடுங்கிவிடுவார். "வயரே இல்லைன்னா வைரஸ் எது வழியா சார் வரும்?" மறுநாள் ஒரு காலேஜ் பையன் புராஜெக்ட் பிரிண்ட் எடுக்கப் பென்டிரைவோடு கடைக்கு வருவான். மஞ்சள் ஃபோல்டர் வேஷத்தில் ஒரு ‘எக்ஸி’ உள்ளே நுழையும். எல்லா ஃபோல்டரும் மறையும். அண்ணன் வருவார், கறுப்புத் திரையில் ‘அட்ரிப்’ என்று ஒரு வரி அடிப்பார், மறைந்ததெல்லாம் திரும்பி வரும். கடைக்காரர் கும்பிடுவார்.

அண்ணன் வீட்டைப் பார்க்க வேண்டும். செண்பகனூருக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் கல்லூரியின் அருங்காட்சியகத்துக்குப் போகிறார்கள். பாடம் பண்ணிய மிருகங்களும் பறவைகளும், ஊசி குத்திய வண்ணத்துப்பூச்சிகளும் பார்க்கிறார்கள். செத்ததைத் தூக்கிப் போடாமல் வைப்பது இந்த மண்ணின் குணம் போலும். அண்ணனின் முன்னறையில் பின்பக்கம் தொந்தி விழுந்த மானிட்டர்கள், பென்டியம் மூன்று, பென்டியம் நான்கு, தலை வீங்கிய கப்பாசிட்டரோடு நாலைந்து போர்டுகள், ஷூ பெட்டி நிறைய ராம். ஒவ்வொன்றின் மேலும் எந்த வீட்டிலிருந்து வந்தது, என்ன சீக்கு என்று ஸ்டிக்கர். அண்ணி வாசலில் நின்றபடி சொன்னார்: "இதுல ஒண்ணாச்சும் ஓடுதான்னு கேளுங்க. பையனுக்குப் பாடம் என் போன்லதான் நடக்குது." அண்ணன் கேட்காத மாதிரி ஒரு எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அறையில் அரசின் இலவச லேப்டாப்புக்கென்று ஒரு தனி அலமாரி. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு தொடங்கிய திட்டம். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்த பிள்ளை இருந்த வீட்டிலெல்லாம் ஒன்று உண்டு. விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். லினக்ஸ் எதற்கு, இடம்தான் அடைக்கிறது என்று யாராவது ஒரு மச்சினன் அந்தப் பகுதியை அழித்துவிடுவான். அடுத்த முறை ஆன் செய்தால் விண்டோஸும் வராது. கறுப்பில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று ஒரு வரி மட்டும் நிற்கும். வீட்டு வாசலைத் திறக்கிற பொறுப்பு லினக்ஸிடம் இருந்தது என்பது அழித்த பிறகுதான் தெரியும். இந்த ஒரு கோளாறிலேயே அண்ணன் சில வருஷம் குடும்பம் நடத்தினார்.

இப்போது அவருக்கு ஒரு போட்டி வந்திருக்கிறது. யூடியூப் பார்த்துக் கற்ற தம்பி ஒருவன். அவனிடம் எதைக் கொண்டுபோனாலும் ஒரே மருந்து: ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி. பத்து வருஷத்து மெஷின் அதன் பிறகு குதித்து எழுந்துகொள்வது உண்மைதான். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு இல்லாததால், ஊசி தேடி ஓடும் வேலை மிச்சமாகிறது. அண்ணனும் இப்போது போட்டுக் கொடுக்கிறார், ஆனால் ‘ஊக்க ஊசி’ என்றுதான் சொல்வார். தம்பியை அவர் மடக்கியது ஒரே ஒரு தடவை. கொஞ்சம் புதிய போர்டு ஒன்றில் தம்பி விண்டோஸ் செவன் ஏற்றப் போனான். இன்ஸ்டாலேஷன் தொடங்கியதுமே யூஎஸ்பி மவுஸும் கீபோர்டும் செத்துவிட்டன. புதுப் போர்டின் யூஎஸ்பி பாஷை செவனுக்குத் தெரியாது. அண்ணன் வந்தார், பையிலிருந்து உருண்டை முனை கீபோர்டை எடுத்தார், சுவிட்சை அணைத்துப் பின்னால் ஊதா நிற ஓட்டையில் செருகினார், மறுபடி போட்டு என்டரைத் தட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் மூன்று மாதம் எல்லா டீக்கடையிலும் பேசினார்.

கூலி விஷயத்தில் அண்ணனிடம் எனக்கு மனக்குறை. எவ்வளவு என்று கேட்டால், "பாத்துக் குடுங்க சார்." இதைவிடக் கொடுமையான விலைப்பட்டியல் கிடையாது. குறைத்துக் கொடுத்தால் அடுத்த முறை ‘லைன்ல இருக்கேன்’ என்பார், கூட்டிக் கொடுத்தால் நம் வீட்டில் முறைப்பார்கள். சிலர் பேரிக்காயும் மலைப்பூண்டுமாகக் கொடுத்துத் தப்பித்துக்கொள்கிறார்கள். புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, மதிப்பு கூடத்தான்; ஆனால் பூண்டைக் கொடுத்து வத்தலக்குண்டில் எஸ்எம்பிஎஸ் வாங்க முடியாது.

அண்ணன் தோற்கிற இடம் ஒன்றுதான். ஹார்டு டிஸ்க் ‘டிக், டிக்’ என்று சொடக்குப் போட ஆரம்பித்தால் காதை அருகில் வைத்துக் கேட்டுவிட்டு, மங்கி குல்லாவை மாட்டிக்கொள்வார். "பேக்கப் எடுத்து வச்சிருக்கீங்களா?" என்ற கேள்வியை அவர் அப்போதுதான் கேட்பார், கேட்க வேண்டிய காலம் அதற்கு முன்னாலேயே போயிருக்கும். இங்கிருந்து மேலே ஏறினால் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1904 முதல் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்த கண்ணாடித் தகடுகளை அங்கே பத்திரமாக வைத்திருந்து, கம்ப்யூட்டருக்கும் பிரதி ஏற்றியிருக்கிறார்கள். அதே மலையில், சொந்த மகளின் கல்யாணப் படத்தை ஒரே ஒரு ‘டி’ டிரைவில் வைத்துவிட்டு ‘சி’ போனாலும் ‘டி’ இருக்கும் என்று நம்புகிற குடும்பங்கள் எத்தனையோ. சியும் டியும் ஒரே தட்டில் போட்ட இரண்டு கோடுகள் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்பதாக இல்லை.

விண்டோஸ் டென்னுக்கும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. லெவனோ, எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் சிப்புகளில் பெரும்பாலானவற்றை உள்ளே சேர்ப்பதில்லை. இன்னும் நன்றாக ஓடுகிற மெஷின்கள் வரிசையாக அண்ணன் வீட்டு முன்னறைக்குத்தான் வரப்போகின்றன. ஷெல்ஃப் அடிக்க மரம் வாங்கிவிட்டார் என்று கேள்வி. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், இந்த வாரமே படங்களையும் பத்திரங்களையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிடுங்கள். அண்ணனைக் கூப்பிடும்போது மச்சினன் வந்து போனதை நீங்களே சொல்லிவிடுங்கள், ஸ்க்ரூ போட ஒரு சாஸரை எடுத்து வையுங்கள். கூலியைப் பணமாகக் கொடுங்கள்.